பூட் ஆகலையா? ஃபார்மேட் மட்டும் வேணாம் சாமி!

நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே மருந்துதான். ஃபார்மேட். ஸ்லோவா இருக்கா, ஃபார்மேட். வைரஸா, ஃபார்மேட். பிரிண்டர் வேலை செய்யலையா, எதுக்கும் ஒரு ஃபார்மேட் அடிச்சுப் பாத்துருவோம். சளி பிடிச்சவனுக்கு மூக்கை அறுத்துப் போடுற வைத்தியம். விண்டோஸோட வளர்ந்த பழக்கம், போகட்டும்னு விட்டுடலாம். ஆனா அப்டேட் பாதியில நின்னு பூட் ஆகாம கிடக்குற லினக்ஸ் பொட்டிக்கும் அதே மருந்தைச் சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ர்ருனு ஏறுது. கடைக்காரர் சொன்னாக்கூடப் பரவாயில்ல. "பேசாம ரீஇன்ஸ்டால் பண்ணிடு மச்சி, இருபது நிமிஷ வேலை"ன்னு லினக்ஸ் தெரிஞ்ச நம்ம ஆளுங்களே சொல்றாங்க.

இருபது நிமிஷம் யாருக்கு? இன்ஸ்டால் பண்றவனுக்கு. அந்தப் பொட்டிக்குள்ள எதையோ சேர்த்து வச்சிருக்கிறவருக்கு அது எத்தனை வருஷம்னு யாராவது கேட்டாங்களா?

(ஒரு சின்ன டிஸ்கி: கமாண்டு, எரர் எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். தட்டும்போது இங்கிலீஷ்ல தட்டிக்குங்க. தமிழ்ல தட்டிட்டு வேலை செய்யலன்னு வந்து சண்டை போடப்படாது.)

சரி, மேட்டருக்கு வருவோம். அப்டேட் பாதியில நின்னா உள்ள என்னதான் ஆகுது? நிறைய பேர் மனசுல இருக்குற படம் என்னன்னா, ஓடிக்கிட்டிருந்த ரயில் தடம் புரண்டு பெட்டி பெட்டியா சிதறிக் கிடக்குற மாதிரி. உண்மையில அது வீடு மாத்துற மாதிரி. பாதி சாமான் புது வீட்டுல, பாதி லாரியில, அந்த நேரம் பாத்து மழை. பார்க்க அலங்கோலமாத்தான் இருக்கும். ஆனா எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு வீட்டம்மா கையில ஒரு லிஸ்ட் இருக்குல்ல? டெபியன் குடும்பத்துல அந்த லிஸ்டோட பேரு டிபிகேஜி ஸ்டேட்டஸ். வார், லிப், டிபிகேஜி ஃபோல்டருக்குள்ள "ஸ்டேட்டஸ்"னு ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலா உக்காந்திருக்கும்.

1993ல இயன் மர்டாக் டெபியனை ஆரம்பிச்சார். அந்த வழியில வந்த டிபிகேஜி ஒவ்வொரு பேக்கேஜையும் ரெண்டு கட்டமா போடுது. முதல்ல ஃபைல்களைப் பிரிச்சு வைக்கிறது, அப்புறம் அதை கான்ஃபிகர் பண்றது. பிரிக்கும்போது பழைய ஃபைலை நேரா அழிச்சு எழுதாது. பக்கத்துலயே "டிபிகேஜி-நியூ"ன்னு வால் ஒட்டின புது ஃபைலை எழுதி முடிச்சிட்டு, பேரை மட்டும் மாத்தும். அதனால பெரும்பாலும் ஒண்ணு பழசு இருக்கும், இல்ல புதுசு இருக்கும். பாதி ஃபைல்ங்கிறது அபூர்வம். ஒவ்வொரு அடிக்கும் லிஸ்ட்ல குறிச்சு வைக்கும்: இது பிரிச்சாச்சு, இது பாதி கான்ஃபிகர், இது பாதி இன்ஸ்டால், இது முழுசா முடிஞ்சது. கரண்ட் போன நொடியில எங்க நின்னுச்சோ அது அங்க எழுதியிருக்கும்.

அதாவது, பொட்டி உடையல. வேலை பாதியில நிக்குது, அவ்ளோதான். எந்த இடத்துல நின்னுச்சுன்னும் அதுக்கே தெரியும். நம்மதான் கேக்க மாட்டேங்குறோம்.

இதை நான் வெறும் தத்துவமா சொல்லல. நண்பனோட அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தென் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர். ஏழு வருஷமா அவங்க வட்டாரத்துப் பேச்சுவழக்குச் சொல்லையெல்லாம் சேகரிச்சு லிபர் ஆபிஸ்ல தட்டி வச்சிருக்கார். விவசாயம், தறி, சமையல், வசவுன்னு (ஆமா, வசவுக்கே தனி அத்தியாயம்) நாலாயிரத்துச் சொச்சம் சொல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுதா, அவரோட பழைய டெஸ்க்டாப் விண்டோஸ் 11க்குத் தேறாதுன்னு சொல்லிடுச்சு. அதுல நண்பன் டெபியன் வழி டிஸ்ட்ரோ ஒண்ணைப் போட்டுக் கொடுத்தான். ஐயாவும் ஜம்முனு பழகிட்டார். ஒருநாள் "அப்டேட்கள் தயார்"னு பொட்டி கேட்டுச்சு, இவரும் சரின்னு அமுக்கியிருக்கார். கொஞ்ச நேரத்துல கரண்ட் கட். வீட்டு யுபிஎஸ்ல பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு.

கரண்ட் வந்து ஆன் பண்ணினா கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கடைசி வரி: "கெர்னல் பேனிக் - நாட் சிங்க்கிங்: விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ்". கடையில கொண்டுபோய்க் காட்டினா, "லினக்ஸ்லாம் நமக்கு வராது சார், ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தரேன், ஹார்ட் டிஸ்க் காலியாத்தான் ஆகும்"னு பதில். நல்லவேளை ஐயா பொட்டியைத் திருப்பித் தூக்கிட்டு வந்துட்டார். பென் டிரைவ்ல ஒரு காப்பி இருந்துச்சு, எட்டு மாசம் பழசு.

ஃபோன்ல என்கிட்ட அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துப்புட்டேன் தம்பி." அமுக்கச் சொன்னது பொட்டி. போனது கரண்ட். குற்றவாளி அவராம்!

அந்த எரரைப் பாத்ததும் எனக்குப் பாதி நிம்மதி. ஏன்னா அது மிரட்டுற அளவுக்கு அர்த்தம் பெருசில்ல. லினக்ஸ் எழுந்திரிக்கிறது ஒரு வரிசையில நடக்கும். முதல்ல மதர்போர்டுல இருக்குற பயாஸ் அல்லது யுஇஎஃப்ஐ, அப்புறம் கிரப், அது கெர்னலையும் கூடவே இனிட்ராம்எஃப்எஸ்ங்கிற ஒரு குட்டி மூட்டையையும் மெமரிக்குள்ள ஏத்தும். அந்த மூட்டைக்குள்ளதான் ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கிறதுக்கான சாவி, அதாவது டிரைவர் எல்லாம் இருக்கும். அதுக்கப்புறம்தான் அசல் டிஸ்க்கு, சிஸ்டம்டி, லாகின் திரை. புது கெர்னல் வந்து இறங்கிடுச்சு, ஆனா அதுக்கான மூட்டையைக் கட்டுறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சுன்னா? கெர்னல் வாசல்ல நின்னு சாவி இல்லாம கத்தும். அந்தக் கத்தல்தான் கெர்னல் பேனிக். வீட்டுக்குள்ள பண்டம் பாத்திரம் எல்லாம் வச்ச இடத்துலயே இருக்கு.

நிக்கிற இடத்தைப் பாத்தே நோயைப் பாதி சொல்லிடலாம். "கிரப் ரெஸ்க்யூ"ன்னு வந்தா கிரப்போட ஃபைல்லயே கோளாறு. பிஸிபாக்ஸ் ப்ராம்ப்ட் வந்தா மூட்டை இருக்கு, டிஸ்க்கைத் திறக்க முடியல, இல்ல ஃபைல் சிஸ்டம் செக் பண்ணச் சொல்லுது. லாகின் வரைக்கும் வந்து டெஸ்க்டாப் மட்டும் வரலன்னா, கெர்னல் நல்லாருக்கு, மேல உள்ள பேக்கேஜ்தான் பாதி. "பூட் ஆகல"ங்கிற ஒத்த வார்த்தைக்குள்ள இத்தனை வேற வேற நோய். எல்லாத்துக்கும் ஒரே ஊசியா?

ஐயா வீட்டுப் பொட்டியில பண்ணினது இவ்வளவுதான். வீடியோ கால்ல ஃபோனை மானிட்டருக்கு நேரா அவங்க வீட்டம்மா பிடிச்சுக்கிட்டாங்க. ஆன் பண்ணினதும் ஷிஃப்ட்டை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன் (யுஇஎஃப்ஐ பொட்டின்னா எஸ்கேப்). கிரப் மெனு வந்துச்சு. "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" உள்ள போனா பழைய கெர்னல் சமர்த்தா உக்காந்திருக்கு. புதுசு வந்தாலும் பழசு ஒண்ணை விட்டு வைக்கிற வழக்கம் இதுக்குத்தான். அதைத் தேர்ந்தெடுத்ததும் பொட்டி எழுந்துடுச்சு. டெஸ்க்டாப் வரல, கறுப்பா நின்னுச்சு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அமுக்கினா எழுத்துத் திரை வந்துடுச்சு. பாஸ்வேர்டு போட்டு உள்ள போயாச்சு.

முதல் வேலை ரிப்பேர் இல்ல. பென் டிரைவைச் சொருகி மவுண்ட் பண்ணி, அகராதி ஃபைலைக் காப்பி எடுத்தோம். இதை விட்டுட்டு வேற எதையும் தொடாதீங்க, எவ்வளவு அவசரமா இருந்தாலும். ஐயா மூச்சு விட்ட சத்தம் எனக்கு ஃபோன்ல கேட்டுச்சு.

அப்புறம் "சூடோ டிபிகேஜி --ஆடிட்".

"சூடமா தம்பி?"

"சூடோங்கய்யா. எஸ், யூ, டி, ஓ."

"சரி. இந்தக் கோடு ஒண்ணா ரெண்டா? நடுவுல இடைவெளி விட்டா பொருள் மாறுமோ?"

"கண்டிப்பா மாறும்யா."

"அப்பச் சரி. இது நம்ம புணர்ச்சி விதி மாதிரிதான்"னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் ஒரு தப்பு இல்லாம தட்டினார். முப்பது வருஷம் சந்திப் பிழை திருத்தின கண்ணு. எங்க ஆபிஸ்ல பாதிப் பேருக்கு அந்தக் கவனம் கிடையாது.

ஆடிட்ல 37 பேக்கேஜ் லிஸ்ட் வந்துச்சு, பாதியில நிக்கிறதெல்லாம். அடுத்து "சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ". பாதியில விட்டதையெல்லாம் முடின்னு அர்த்தம். நடுவுல ஒரு இடத்துல, கான்ஃபிகரேஷன் ஃபைலைப் புதுசா மாத்தவா, இருக்கிறதையே வைக்கவான்னு கேட்டுச்சு. இருக்கிறதே இருக்கட்டும்னு என்டர். அது முடிஞ்சதும் "ஏபிடி --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்". கடைசியா புது கெர்னலுக்கு மூட்டை கட்டப்பட்டிருக்கான்னு பூட் ஃபோல்டரைப் பாத்தோம், இருந்துச்சு. இல்லன்னா "அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்"ஐ நாமளே ஓட்டணும். இங்க ஒரு நுணுக்கம்: எல்லாரும் "-யூ" போடச் சொல்வாங்க, அது இருக்கிற மூட்டையைப் புதுப்பிக்கத்தான். இல்லாத மூட்டையைப் புதுசா கட்ட "-சி" போட்டு, "-கே"யோட கெர்னல் பேரையும் கொடுக்கணும். அப்புறம் ஒரு "அப்டேட்-கிரப்". ரீபூட். முடிஞ்சது.

பழைய கெர்னலும் எழலன்னா? அப்பவும் ஃபார்மேட் கிடையாது. லைவ் யுஎஸ்பி போட்டு எழுப்பி, டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, டெவ், ப்ராக், சிஸ் மூணையும் பைண்ட் பண்ணி, பூட்டுக்கும் இஎஃப்ஐக்கும் தனி பார்ட்டிஷன் இருந்தா அதையும் மறக்காம மவுண்ட் பண்ணி, "சிஆர்ரூட்" அடிச்சு உள்ள போனா அதே கமாண்டுதான். பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கான்னும் "டிஎஃப் -ஹெச்" போட்டுப் பாத்துடுங்க. இடம் இல்லாததாலயே மூட்டை கட்ட முடியாம நின்ன கேஸ் நிறைய. ஸ்டேட்டஸ் ஃபைலே கெட்டுப் போயிருந்தாக்கூட பக்கத்துலயே "ஸ்டேட்டஸ்-ஓல்டு" இருக்கும். வார், பேக்கப்ஸ் ஃபோல்டர்லயும் பழைய காப்பி இருக்கும். இதைச் செஞ்சவங்க கரண்ட் போற ஊரை மனசுல வச்சுத்தான் செஞ்சிருக்காங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

ஒரே ஒரு நேரத்துல மட்டும் நான் கையைத் தூக்கிடுவேன். "டிமெசேஜ்"ல ஐ/ஓ எரர் வரிசையா ஓடுதுன்னா டிஸ்க்கே சாகப் போகுது. அப்ப ரிப்பேரும் வேணாம், கான்ஃபிகரும் வேணாம். முடிஞ்சவரை காப்பி எடுத்துட்டு டிஸ்க்கை மாத்துங்க.

இன்னொரு தப்பான வைத்தியம் ஊரெல்லாம் சுத்துது: லாக் ஃபைலை அழிச்சிடுங்கன்னு. டிபிகேஜியோட லாக் ஃபைல் சும்மா இருந்தா லாக் ஆயிருக்குன்னு அர்த்தம் இல்ல. ஓடிக்கிட்டிருக்கிற ஒரு புரோகிராம் அதைப் பிடிச்சிருந்தாத்தான் லாக். ரீபூட் ஆன பொட்டியில அதை அழிக்கிறதால பைசா பிரயோஜனம் இல்ல. உண்மையிலேயே பின்னணியில அப்டேட் ஓடிட்டிருந்தப்ப அழிச்சீங்கன்னா ரெண்டு பேர் ஒரே லிஸ்ட்ல கிறுக்கி வச்சிடுவாங்க. (ஆர்ச்ல பேக்மேன் வேற மாதிரி. அதுல டிபி.எல்சிகே ஃபைல் இருந்தாலே லாக். வேற பேக்மேன் ஓடலன்னு உறுதி பண்ணிட்டு அழிக்கலாம்.)

சரி, பொட்டி எழுந்துடுச்சு. என் கோபம் இன்னும் அடங்கல. "அப்டேட் நடக்கும்போது அணைக்காதீர்கள்"னு ஒரு வரி எழுதிட்டா பொறுப்பு முடிஞ்சுதா? ஐயா அணைக்கவே இல்லையே. லேப்டாப்ல பரவாயில்ல, தானா நடக்குற அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வழக்கமா சார்ஜர் சொருகியிருந்தாத்தான் ஓடும். டெஸ்க்டாப்புக்கு அடுத்த நிமிஷம் கரண்ட் இருக்குமான்னு எப்படித் தெரியும்? 2012ல தமிழ்நாட்டுல சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இல்லாம கிடந்தவங்க நாம. கரண்ட் போறது விதிவிலக்கு இல்லீங்க, அது வானிலை மாதிரி. அதைக் கணக்குல எடுக்காத டிசைன் பாதி டிசைன்.

தீர்வு தெரியாமலா இருக்கு? உங்க கையில இருக்கிற ஆண்ட்ராய்டு ஃபோனையே எடுத்துக்குங்க. 2016ல வந்த ஆண்ட்ராய்டு 7 காலத்துலயே ரெண்டு பார்ட்டிஷன் முறை வந்துடுச்சு. ஒண்ணுல நீங்க ஓட்டிக்கிட்டிருப்பீங்க, இன்னொண்ணுல புதுசை எழுதும். நடுவுல செத்தா பழசுலயே எழும். குரோம்புக்குல 2011லயே இதே கதை. லினக்ஸ் டெஸ்க்டாப்லயும் ஆளு இல்லாம இல்ல. ஓப்பன்சூசே 2014ல 13.2 பதிப்புலயே பிடிஆர்எஃப்எஸ்ஸோட ஸ்னாப்ஷாட்டைக் கொடுத்துச்சு, கெட்டுப் போச்சுன்னா கிரப் மெனுவுலயே நேத்தைய நிலைக்குப் போயிடலாம். நிக்ஸ்ஓஎஸ்ல ஒவ்வொரு அப்டேட்டும் தனித் தலைமுறை, பிடிச்சதைத் தேர்ந்தெடுத்து பூட் பண்ணு. ஃபெடோரா சில்வர்புளூ, ஸ்டீம் டெக்னு வரிசையா இருக்கு. ஆனா புதுசா வர்ற ஆளுக்கு நாம முதல்ல கையில கொடுக்கிற டிஸ்ட்ரோ பலதுலயும் ஓடிக்கிட்டிருக்கிற சிஸ்டத்துக்கு அடியிலயே பலகையை உருவி மாத்துற வேலைதான் இன்னும் நடக்குது. இடம் ரெண்டு மடங்கு வேணும், கைவச்சுப் பழகினவங்களுக்குப் பிடிக்காதுன்னு காரணம் சொல்றாங்க. 500 ஜிபி டிஸ்க்ல ஒரு 25 ஜிபி போனா குடி முழுகிடுமா?

இதே வாதம் 2009லயும் நடந்துச்சு. அப்ப புதுசா வந்த எக்ஸ்ட்4ல கரண்ட் போனா சில ஃபைல் சைபர் பைட்டா நின்னுச்சு. "எஃப்சிங்க் கூப்பிடாதது அப்ளிகேஷன் எழுதினவன் தப்பு"ன்னு எக்ஸ்ட்4 டெவலப்பர் தியோடர் சோ வாதாடினார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனா ஜனங்களோட ஃபைல் போச்சே! கடைசியில அவரே கெர்னல்ல அதுக்கு வழி பண்ணினார். டிபிகேஜியும் எஃப்சிங்க் போட்டு ஜாக்கிரதையாச்சு, அதனால கொஞ்சம் மெதுவாவும் ஆச்சு. உடனே நம்ம "வேகமாக்குவது எப்படி" வித்வான்கள் கிளம்பிட்டாங்க. "ஃபோர்ஸ்-அன்சேஃப்-ஐஓ" போடு, "ஈட்மைடேட்டா" போடுன்னு. அந்த டூலோட பேரே "என் டேட்டாவைத் தின்னு"! பேர்லயே நேர்மையா சொல்லியிருக்கான் மனுஷன். தூக்கிப் போட்டு மறுபடி கட்டுற டெஸ்ட் சர்வருக்கு ஓகே. வீட்டு டெஸ்க்டாப்புக்கு அதைச் சிபாரிசு பண்றவங்களுக்கு ஒரு மாசம் யுபிஎஸ் இல்லாம குடித்தனம் நடத்துற தண்டனை கொடுக்கணும்.

டிஸ்ட்ரோக்காரங்க மாறுறப்ப மாறட்டும். விண்டோஸ் 10 போனதுலேர்ந்து "லினக்ஸ் போடுங்க, சூப்பரா இருக்கும்"னு அத்தைக்கும் மாமாவுக்கும் இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்துட்டுப் போறோமே நாம, நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கு. டைம்ஷிஃப்ட்ல ஸ்னாப்ஷாட் போட்டு வைங்க (அது சிஸ்டத்துக்குத்தான், வீட்டு ஃபைலுக்குத் தனி பேக்கப் வேணும்). ஒரு லைவ் யுஎஸ்பி மேசை டிராயர்ல. அணைக்கிறதுக்குள்ள அப்டேட் நிக்கணும்னா அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்ல "மினிமல் ஸ்டெப்ஸ்" ஆன்ல இருக்கான்னு பாத்துக்குங்க. கெர்னல் ஒண்ணு போதும்னு பழசையெல்லாம் துடைச்சு வைக்காதீங்க. அப்புறம் மானிட்டருக்குப் பக்கத்துல ஒட்ட ஒரு காகிதம், தமிழ்ல.

ஐயா வீட்டுக்கு நான் எழுதி அனுப்பினது மூணே வரி. "திரை கறுப்பாக நின்றால் பயப்பட வேண்டாம், உங்கள் கோப்புகள் உள்ளேதான் இருக்கின்றன. ஆன் செய்ததும் ஷிஃப்ட் விசையை அமுக்கிப் பிடித்து இரண்டாவது வரியில் உள்ள பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கவும். கடைக்கு எடுத்துப் போகும்முன் எனக்கு ஒரு ஃபோன்."

மறுநாள் வாட்ஸப்ல ஃபோட்டோ வந்துச்சு. காகிதம் ஒட்டியாச்சு. "அமுக்கி"யை அடிச்சுட்டு சிவப்பு மையில "அழுத்தி"ன்னு எழுதியிருந்தார்.